ஒரு ஆர்டர், ஒரு கணக்கு: விளம்பர விற்பனையின் சர்வர் பதிவைச் சரிபார்க்கும் முறை

கீழக்கரையில் பனையோலைக் கொட்டான் முடைந்து விற்பவர்கள், மண்டபத்திலிருந்து நெத்திலிக் கருவாட்டைப் பொட்டலமிட்டு அனுப்புபவர்கள், சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி வியாபாரிகள், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாயை நேரடியாக விற்கும் உழவர்கள், ராமேஸ்வரத்தில் விடுதி நடத்துபவர்கள் என இக்கடலோரத்தின் பல தொழில்களுக்கும் இன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரம் ஒரு மாதச் செலவாகிவிட்டது. வாங்குபவர் சென்னையிலோ கோவையிலோ துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்; அவரைக் கடைக்காரர் பார்ப்பதில்லை. எந்த விளம்பரம் அவரை அழைத்து வந்தது என்பதை ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் நடத்தும் மெட்டா நிறுவனத்தின் திரையில் தெரியும் எண்தான் சொல்கிறது. அடுத்த மாதம் எந்த விளம்பரத்துக்கு எவ்வளவு பணம் போடுவது என்பதும் அந்த எண்ணை வைத்தே முடிவாகிறது.

அந்த எண்ணை அனுப்பும் வேலையைப் பெரும்பாலும் இணையதளம் செய்து கொடுத்தவரோ விளம்பர ஏஜென்சியோ ஒருமுறை அமைத்துவிட்டுப் போகிறார்கள். கடையிலிருந்து வரும் தகவல்களை மெட்டா பட்டியலிடும் ஈவண்ட்ஸ் மேனேஜர் பக்கத்தில் பச்சை நிறத்தில் ‘செயலில் உள்ளது’ என்று தெரிந்தால் வேலை முடிந்ததாகவே எல்லோரும் கருதுகிறார்கள். அந்தப் பச்சைக் குறிக்கு ஏதோ ஒரு தகவல் வந்துசேர்கிறது என்பதற்கு மேல் பொருள் இல்லை. கடையின் ஆர்டர் பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு ஆர்டரும் மெட்டாவின் பக்கத்தில் ஒரே ஒருமுறை, சரியான தொகையுடன், வாங்கியவரை அடையாளம் காணத்தக்க வகையில் பதிவாகியிருக்கிறதா என்பதைத் தனியே சோதிக்க வேண்டும். அதைச் செய்ய நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பதிவேடும் பொறுமையும் இருந்தால் பெரும்பகுதியைக் கடைக்காரரே பார்த்துவிடலாம், மீதிக்கு மட்டும் தளத்தை உருவாக்கியவரை அழைக்கலாம்.

சர்வர் வழிப் பதிவு எதற்கு?

பிக்சல் என்பது வாங்குபவரின் பிரவுசரில் ஓடும் சிறு நிரல். அவர் ‘நன்றி, உங்கள் ஆர்டர் பதிவாகிவிட்டது’ என்ற பக்கத்துக்கு வந்தால்தான் அது விற்பனையைத் தெரிவிக்கும். விளம்பரத் தடுப்பான்கள் அதை நிறுத்திவிடுகின்றன. ஆப்பிள் நிறுவனத்தின் சஃபாரி பிரவுசர், இத்தகைய நிரல் எழுதும் குக்கீகளை (பிரவுசரில் சேமிக்கப்படும் சிறு அடையாளக் குறிப்புகளை) அதிகபட்சம் 7 நாள்தான் வைத்திருக்கிறது. 2021 ஏப்ரலில் வெளிவந்த ஐஓஎஸ் 14.5 முதல், ஐஃபோனில் ஒரு செயலி பயனரைப் பிற செயலிகளிலும் தளங்களிலும் பின்தொடர வேண்டுமானால் அவரிடம் வெளிப்படையாக அனுமதி கேட்டாக வேண்டும். கன்வெர்ஷன்ஸ் ஏபிஐ என்னும் சர்வர் வழிப் பதிவில் கடையின் சர்வரே மெட்டாவின் சர்வருக்கு நேரடியாக விற்பனையைத் தெரிவிப்பதால், தகவல் அனுப்பும் வேலை பிரவுசரை நம்பியிருப்பதில்லை.

மேற்சொன்ன காரணங்களைத்தான் எல்லா வழிகாட்டிகளும் பேசுகின்றன; ஆனால் நம் ஊர்க் கடைகளைப் பொறுத்தவரை யுபிஐ பணப்பரிமாற்றமே முதன்மையான காரணம் என்பது என் கருத்து. வாங்குபவர் இன்ஸ்டாகிராமில் விளம்பரத்தைத் தொடுகிறார். இன்ஸ்டாகிராமுக்குள்ளேயே இருக்கும் பிரவுசரில் கடை திறக்கிறது. பணம் செலுத்தும் பொத்தானை அழுத்தியதும் கூகுள் பே அல்லது ஃபோன்பே திறக்கிறது. ரகசிய எண்ணைப் போட்டுப் பணம் போனதும் வங்கியின் குறுஞ்செய்தியைப் பார்த்துத் திருப்தியடைந்து, கடையின் பக்கத்துக்குத் திரும்பாமலேயே ஃபோனை வைத்துவிடுகிறார். பணம் வந்துவிட்டது, ஆர்டரும் விழுந்துவிட்டது, பிக்சலுக்கு மட்டும் எதுவும் தெரியாது. அதே நேரத்தில் பணம் வசூலித்துத் தரும் கேட்வே நிறுவனம் கடையின் சர்வருக்கு வெப்ஹுக் என்னும் தானியங்கிச் செய்தி அனுப்புகிறது. சர்வர் வழிப் பதிவு அந்தச் செய்தியோடு இணைக்கப்பட்டிருந்தால் இந்த விற்பனை தவறாது. ‘நன்றி’ பக்கம் திறக்கும்போதுதான் சர்வரும் தகவல் அனுப்பும்படி அமைத்திருந்தால், பிக்சல் தவறவிடும் ஆர்டர்களை சர்வரும் தவறவிடும். பெயரளவில் சர்வர் பதிவு இருக்கும், பயன் இருக்காது. ஆகவே தளம் அமைத்தவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்த நிகழ்வு சர்வர் பதிவைத் தூண்டுகிறது என்பதுதான்.

முதலில் பதிவேடு

சோதனையை மெட்டாவின் திரையிலிருந்து தொடங்கக் கூடாது. முடிந்து சில நாள்களான ஒரு முழு வாரத்தை எடுத்துக்கொண்டு, அந்த வாரத்தின் ஆர்டர்களைக் கடையின் தளத்திலிருந்து ஒரு தாளில் இறக்கிக்கொள்ள வேண்டும். ஆர்டர் எண், நேரம், தொகை, பணம் செலுத்திய வகை, வாங்கியவரின் தொலைபேசி எண் எந்த நாட்டுக்குரியது, ஆர்டர் ரத்தானதா என்ற விவரங்கள் போதும். வாட்ஸ்அப்பிலும் தொலைபேசியிலும் வந்து கையால் எழுதப்பட்ட ஆர்டர்களைத் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். அவை இணையதளத்தின் வழியே வரவில்லை என்பதால் இந்த ஒப்பீட்டில் சேராது.

பிறகு ஈவண்ட்ஸ் மேனேஜரில் அதே வாரத்துக்கு ‘பர்ச்சேஸ்’, அதாவது விற்பனை, நிகழ்வின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். இங்கேதான் பலரும் வழி தவறி ஆட்ஸ் மேனேஜரைத் திறக்கிறார்கள். ஈவண்ட்ஸ் மேனேஜர் காட்டுவது, விளம்பரத்தால் வந்ததோ தானாக வந்ததோ, கடை அனுப்பிய எல்லா விற்பனைகளையும். ஆட்ஸ் மேனேஜர் காட்டுவது, விளம்பரத்தோடு தொடர்புபடுத்த முடிந்தவற்றை மட்டும். வழக்கமான அமைப்பில் விளம்பரத்தைத் தொட்ட 7 நாளுக்குள், அல்லது பார்த்த 1 நாளுக்குள் நடந்த விற்பனைகளே அதில் அடங்கும். மேலும், அது விற்பனையை வாங்கிய நாளில் காட்டுவதில்லை, விளம்பரத்தைத் தொட்ட அல்லது பார்த்த நாளின் கணக்கில் சேர்க்கிறது. வெள்ளிக்கிழமை விளம்பரத்தைத் தொட்டுவிட்டுத் திங்கள்கிழமை கருவாடு வாங்கியவர் ஆட்ஸ் மேனேஜரில் வெள்ளிக்கிழமையில் இருப்பார், பதிவேட்டில் திங்கள்கிழமையில் இருப்பார். இந்த இரண்டையும் நாள்வாரியாக ஒப்பிட்டுவிட்டு ஏஜென்சிக்காரருடன் சண்டை போடுவதில் பொருளில்லை.

விளம்பரக் கணக்கின் நேர மண்டலத்தையும் இங்கேயே பார்த்துவிடுவது நல்லது. வளைகுடாவில் இருக்கும் உறவினர் தொடங்கிக் கொடுத்த கணக்கு துபாய் நேரத்தில் இருக்கக்கூடும்; அப்படியானால் அதன் நாள் நம் நேரப்படி நள்ளிரவு 1.30 மணிக்குத்தான் முடியும். இரவு பத்து மணிக்கு மேல் ஆர்டர் அதிகம் விழும் கடைக்கு இந்த ஒன்றரை மணி நேரம் ஆட்ஸ் மேனேஜரின் நாள் கணக்கைக் கலைக்கப் போதுமானது.

இரண்டு எண்களும் கையில் வந்தபின், வித்தியாசம் எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். மெட்டாவின் எண் பதிவேட்டைப் போல ஏறத்தாழ இரு மடங்காக இருந்தால், பிக்சலும் சர்வரும் ஒரே விற்பனையைத் தனித்தனியே பதிவு செய்கின்றன. குறைவாக இருந்து, அந்தக் குறை யுபிஐ ஆர்டர்களின் எண்ணிக்கையை ஒட்டி இருந்தால், வெப்ஹுக் இணைக்கப்படவில்லை. கேஷ் ஆன் டெலிவரி ஆர்டர்களின் எண்ணிக்கையை ஒட்டி இருந்தால், அந்த வகையை அனுப்பும் வழியே எழுதப்படவில்லை. எண்ணிக்கை சரியாக இருந்து தொகை மட்டும் பொருந்தாவிட்டால், அது கீழே வரும் வேறு சங்கதி.

சர்வர் பதிவை அமைப்பதற்கு முன்னும் பின்னும் விற்பனையை ஒப்பிட்டுப் பார்க்க விரும்பும் கருவாட்டுக் கடைக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. சரக்கும் விலையும் மாறுகின்றன. மார்ச் மாதத்து எண்ணை மே மாதத்து எண்ணோடு வைத்துப் பார்த்து, புதிய அமைப்பால் விற்பனை குறைந்தது என்றோ கூடியது என்றோ சொல்ல முடியாது.

சோதனை ஆர்டர் போடுதல்

பதிவேடு நோயின் இருப்பிடத்தைக் காட்டும். காரணத்தைக் காண ஒரு ஆர்டரைப் பின்தொடர வேண்டும். ஈவண்ட்ஸ் மேனேஜரில் ‘டெஸ்ட் ஈவண்ட்ஸ்’ என்ற பகுதி இருக்கிறது. அதில் தரப்படும் சோதனைக் குறியீட்டை சர்வர் அனுப்பும் தகவலோடு சேர்க்க வேண்டும். தளத்தோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்களான செருகுநிரல்கள் சிலவற்றில் இதற்கென்றே ஒரு கட்டம் உண்டு. அதே பகுதியில் கடையின் முகவரியைக் கொடுத்துத் தளத்தைத் திறந்தால் பிரவுசர் அனுப்புவதும் அங்கேயே தெரியும். பிறகு கடையில் இருப்பதிலேயே விலை குறைந்த பொருளை வாங்கி, உண்மையான யுபிஐ பணப்பரிமாற்றமாகவே முடிக்க வேண்டும்.

ஓர் ஆர்டருக்கு இரண்டு ‘பர்ச்சேஸ்’ வரிகள் வர வேண்டும்: ஒன்று பிரவுசரிலிருந்து, மற்றொன்று சர்வரிலிருந்து, இரண்டிலும் ஈவண்ட் ஐடி என்னும் நிகழ்வின் அடையாள எண் ஒன்றாக இருந்து, அவற்றில் ஒன்று நகல் என நீக்கப்பட்டதாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். இது முதல் சோதனை மட்டுமே. இரண்டாவது ஆர்டரில், பணம் செலுத்தியவுடன் பிரவுசரை மூடிவிட வேண்டும். அப்போது சர்வர் வரி மட்டும் வந்தால் வெப்ஹுக் வேலை செய்கிறது என்று பொருள். மூன்றாவது ஆர்டரைக் கேஷ் ஆன் டெலிவரியாகப் போட வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்பும் கடையென்றால், வளைகுடாவில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவரை அவருடைய எண்ணிலிருந்து வாங்கச் சொல்வது நான்காவது. முதல் சோதனையோடு நிறுத்திவிடுவதே வழக்கமாக இருக்கிறது. குறைகள் ஒளிந்திருப்பதோ மற்ற மூன்றில்.

சோதனைக் குறியீட்டுடன் அனுப்பப்படும் நிகழ்வுகளை மெட்டா தூக்கி எறிவதில்லை. அவையும் கணக்கில் சேர்ந்து, விளம்பர அளவீட்டுக்குப் பயன்படுகின்றன. எனவே ஐம்பதாயிரம் ரூபாய்க்குக் கற்பனை ஆர்டர் போட்டுச் சோதிக்கக் கூடாது. சோதனை முடிந்ததும் குறியீட்டை சர்வரிலிருந்து நீக்கிவிட வேண்டும்.

தளம் அமைத்தவர், சர்வர் தானே எழுதிவைக்கும் குறிப்பேடான லாகைக் காட்டி, ‘ஈவண்ட்ஸ் ரிசீவ்டு: 1’ என்று பதில் வந்திருக்கிறது, எல்லாம் சரி என்று சொல்லக்கூடும். தகவல் உரிய வடிவத்தில் வந்தது, பெற்றுக்கொண்டோம் என்பதே அந்தப் பதிலின் பொருள். அது யாரோடும் பொருந்தியதா, நகலாக எண்ணப்பட்டதா என்பதை அது சொல்லாது. ஆனாலும் அந்த லாகை ஒவ்வோர் ஆர்டருக்கும் சேமித்து வைக்கச் சொல்வது அவசியம்; பதிலோடு வரும் தடய எண் இருந்தால்தான் பின்னர் சிக்கல் எழும்போது மெட்டாவின் உதவிப் பிரிவிடம் கேட்க முடியும்.

இரட்டைப் பதிவு

படகிலிருந்து இறங்கும் ஒரே மீன்கூடையைக் கரையில் ஒருவரும் ஏலக்கூடத்தில் ஒருவரும் எழுதினால், கூடையில் சீட்டு ஒட்டியிருந்தாலன்றி இரண்டு கூடைகளாகவே கணக்கு வரும். ஈவண்ட் ஐடி அந்தச் சீட்டு. நிகழ்வின் பெயரும் ஈவண்ட் ஐடியும் இரு பக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்து, இரண்டும் 48 மணி நேரத்துக்குள் வந்தால் மட்டுமே மெட்டா ஒன்றை நீக்கும்.

ஐடியாக ஆர்டர் எண்ணையே வைப்பது சிறந்தது. பிரவுசர் ஒரு தற்செயல் எண்ணையும் சர்வர் வேறொரு தற்செயல் எண்ணையும் உருவாக்கிக்கொள்வது அடிக்கடி காணப்படும் கோளாறு. ஒரு பக்கம் வெறும் எண்ணும் மறுபக்கம் அதற்கு முன்னொட்டுச் சேர்த்த எண்ணும் போவது அதற்கு அடுத்தது. பிரவுசர் அனுப்பும் ஐடியைப் பார்க்க, குரோமின் டெவலப்பர் கருவிகளில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, ஃபேஸ்புக் முகவரிக்குப் போகும் கோரிக்கையின் விவரங்களைப் படித்தால் போதும். அதை சர்வர் லாகில் உள்ள ஐடியோடு பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

வேர்ட்பிரஸ் தளத்தில் கடை நடத்த உதவும் ஊக்காமர்ஸில் செருகுநிரல் ஒன்று பிக்சலைச் சேர்த்திருக்கும். பழைய ஏஜென்சி, தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தீமுக்குள் கையால் ஒன்றை ஒட்டியிருக்கும். புதிய ஏஜென்சி டேக் மேனேஜர் என்னும் கூகுள் கருவி வழியாக மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்திருக்கும். இவற்றில் ஒன்றுக்கு மட்டுமே சர்வருடன் ஐடி பொருந்தும், மற்றவை தனி விற்பனைகளாக எண்ணப்படும். மெட்டா பிக்சல் ஹெல்ப்பர் என்னும் குரோம் நீட்டிப்பு ஒரு பக்கத்தில் எத்தனை பிக்சல்கள், எத்தனை நிகழ்வுகள் என்று காட்டிவிடும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்க வேண்டும். எதை நீக்குவது என்பதில் தயக்கம் வந்தால், சர்வரோடு ஐடியைப் பகிர்ந்துகொள்ளும் பிக்சலையே வைத்துக்கொள்ள வேண்டும்.

வெப்ஹுக்கும் இருமுறை வரலாம். கேட்வேக்கள் ஒரு செய்தியைக் குறைந்தது ஒருமுறையாவது சேர்ப்பதாகவே உறுதி தருகின்றன. கடையின் சர்வர் பதில் சொல்லத் தாமதித்தால் அதையே மறுபடியும் அனுப்பும். இந்த மறுபதிவுகளை மெட்டா பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாமல், ஓர் ஆர்டருக்கு ‘பர்ச்சேஸ்’ அனுப்பியாகிவிட்டது என்ற குறியைக் கடையின் தரவுத்தளத்திலேயே போட்டு, அடுத்த செய்தியை அங்கேயே தடுப்பதுதான் சரி. ஆர்டர் எண்ணைப் பார்ப்பதற்காக வாங்கியவர் மூன்று நாள் கழித்து ‘நன்றி’ பக்கத்தை மீண்டும் திறக்கும்போது பிக்சல் மறுபடி பேசாமலிருக்கவும் இதே குறி உதவும்.

வாங்கியவரை அடையாளம் காட்டும் விவரங்கள்

எண்ணிக்கை சரியாக இருந்தும், வாங்கியவர் யாரென்று மெட்டாவால் கண்டுகொள்ள முடியாவிட்டால் அந்த விற்பனை எந்த விளம்பரத்தின் கணக்கிலும் சேராது. தொலைபேசி எண், மின்னஞ்சல், பெயர், ஊர், பின்கோடு ஆகியவற்றை எஸ்எச்ஏ-256 என்னும் முறையில் ஹேஷ் செய்து, அதாவது மூல விவரம் வெளியே தெரியாதபடி உருமாற்றி, 64 எழுத்து நீளமுள்ள குறியீடாக அனுப்ப வேண்டும். ஐபி முகவரி, பிரவுசரின் விவரம், மெட்டாவின் இரு குக்கீ மதிப்புகள் ஆகியவற்றை ஹேஷ் செய்யாமல் அப்படியே அனுப்ப வேண்டும். இவ்விரு வகைகளையும் மாற்றிப்போட்டிருப்பதை லாகில் கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம்.

ஹேஷ் செய்வதற்கு முன் விவரத்தை ஒழுங்குபடுத்துவதில்தான் கவனம் வேண்டும், ஏனென்றால் ஓர் இடைவெளி கூடுதலாக இருந்தாலும் குறியீடு முற்றிலும் வேறாகிவிடும். மின்னஞ்சலின் முன்பின் இடைவெளிகளை நீக்கிச் சிறிய எழுத்துகளாக்க வேண்டும். தொலைபேசி எண்ணில் கூட்டல் குறி, கோடு, இடைவெளி, முன்னால் வரும் பூஜ்ஜியம் எல்லாவற்றையும் நீக்கி, நாட்டுக் குறியீட்டுடன் வெறும் இலக்கங்களாக வைக்க வேண்டும். இந்திய எண் என்றால் 91இல் தொடங்கிப் பன்னிரண்டு இலக்கங்கள். எல்லா எண்ணுக்கும் முன்னால் 91 சேர்க்கும்படி நிரல் எழுதியிருப்பார்கள். கீழக்கரை, தொண்டி போன்ற ஊர்க் கடைகளில் 971, 65, 60 என்று தொடங்கும் எண்களிலிருந்தும் ஆர்டர் வருவதால், அந்த ஆர்டர்கள் எல்லாம் உலகில் இல்லாத எண்களாக மாறி மெட்டாவுக்குப் போகும். நான்காவது சோதனை ஆர்டரை வற்புறுத்தியது இதற்காகத்தான்.

சரிபார்க்க, கடைக்காரர் தம் சொந்த எண்ணையே பயன்படுத்த வேண்டும்; வாடிக்கையாளரின் எண்ணை இணையத்தில் கிடைக்கும் இலவச ஹேஷ் தளங்களில் போட்டுப் பார்க்கக் கூடாது. நிரலாளர் தம் கணினியிலேயே அந்த எண்ணுக்கு ஹேஷ் எடுத்து, சோதனை ஆர்டரின் லாகில் உள்ளதோடு ஒப்பிட வேண்டும். லினக்ஸ் முனையத்தில் எக்கோ கட்டளையைப் பயன்படுத்தினால் அது இறுதியில் ஒரு புதுவரிக் குறியைச் சேர்த்துவிடுவதால், சரியான நிரலே தவறானதுபோலத் தெரியும். பிரிண்ட்எஃப் கட்டளை அந்தத் தொல்லை தராது. செருகுநிரல் ஒருமுறையும் அதன்மேல் எழுதிய நிரல் இன்னொருமுறையும் ஹேஷ் செய்தாலும் விடை 64 எழுத்தாகவே இருக்கும் என்பதால், நீளத்தை மட்டும் பார்த்து நிறைவடையக் கூடாது.

முதற்பெயர், குடும்பப்பெயர் என்ற பிரிவு நம் பெயர்களோடு ஒத்துவருவதில்லை. பலருக்குத் தந்தை பெயரின் முதலெழுத்துதான் இருக்கும். அந்த ஓர் எழுத்தைக் குடும்பப்பெயர் என்று அனுப்புவதைவிட அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுவது மேல். தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் சரியாக இருந்தால் பெயர் இல்லாதது பெரிய குறையல்ல. பின்கோடு அனுப்பும்போது வாங்கியவருடையதை அனுப்ப வேண்டும். கடையின் முகவரியில் உள்ள 623517 எல்லா ஆர்டரிலும் போய்க்கொண்டிருந்தால், வாங்குபவர் அனைவரும் கீழக்கரைக்காரர்கள் என்று மெட்டாவிடம் சொன்னதாகும். இதேபோல, தொலைபேசியில் வந்த ஆர்டரைக் கடைப் பணியாளர் தளத்தில் ஏற்றும்போது மின்னஞ்சல் கட்டத்தைக் கடையின் மின்னஞ்சலால் நிரப்பும் வழக்கம் இருக்கிறது. அத்தனை ஆர்டரும் முதலாளி வாங்கியதாகவே பொருந்தும். அத்தகைய ஆர்டர்களை இணையதள விற்பனையாக அனுப்பாமலிருப்பதே நல்லது.

வெப்ஹுக்கை நம்பும் அமைப்பில் மட்டும் எழும் கோளாறு ஒன்று உண்டு. வெப்ஹுக்கை அனுப்புவது கேட்வேயின் சர்வர் என்பதால், அந்த நேரத்தில் கிடைக்கும் ஐபி முகவரியும் பிரவுசர் விவரமும் வாங்கியவருடையவை அல்ல. குக்கீகள் இருக்கவே இருக்காது. எனவே வாங்குபவர் பணம் செலுத்தும் பொத்தானை அழுத்தும் கணத்திலேயே அவருடைய ஐபி, பிரவுசர் விவரம், மெட்டாவின் இரு குக்கீ மதிப்புகள், பார்த்த பக்கத்தின் முகவரி ஆகியவற்றை ஆர்டரோடு சேர்த்துச் சேமித்து, பணம் வந்ததும் அந்தச் சேமிப்பிலிருந்து எடுத்து அனுப்ப வேண்டும். லாகில் வரிசையாகப் பத்து ஆர்டர்களைப் பார்க்கும்போது எல்லாவற்றிலும் ஐபி முகவரி ஒன்றாகவே இருந்தால், இந்த வேலை செய்யப்படவில்லை. கிளவுட்ஃபிளேர் போன்ற இடைச் சேவையின் பின்னால் உள்ள தளங்களிலும் இதே அறிகுறி வேறு காரணத்தால் தோன்றும்: இடையில் உள்ள சர்வரின் முகவரியை வாடிக்கையாளரின் முகவரி என்று நிரல் எடுத்துக்கொள்கிறது.

விளம்பரத்தைத் தொட்டவர் வரும் இணைப்பின் முடிவில் மெட்டா ஒரு கிளிக் அடையாளத்தைச் சேர்த்து அனுப்புகிறது. தளம் முதல் பக்கத்திலிருந்து வேறு முகவரிக்குத் திருப்பிவிடும்போது அந்த வாலை வெட்டிவிட்டால், எந்தத் தொடுதலால் விற்பனை வந்தது என்பதற்கான மிக உறுதியான சான்று அழிந்துபோகும். சொந்த விளம்பரத்தைத் தொட்டு உள்ளே போய், முகவரிப் பட்டியில் அந்த வால் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

இவையெல்லாம் சேர்ந்து ஈவண்ட் மேட்ச் குவாலிட்டி என்ற பெயரில் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண்ணாக வருகிறது. மதிப்பெண்ணை உயர்த்துவதையே இலக்காக வைத்து, பொருள் வாங்கத் தேவையில்லாத விவரங்களை எல்லாம் வாங்குபவரிடம் கேட்கும் படிவங்களைப் பார்க்கிறோம். பிறந்த தேதி கொடுத்தால்தான் கருவாடு கிடைக்கும் என்ற நிலை விற்பனையைத்தான் கெடுக்கும்.

நேரமும் தொகையும்

நிகழ்ந்த நேரத்தை யூனிக்ஸ் கணக்கில், அதாவது கிரீன்விச் நேரப்படி 1970 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகளாக அனுப்ப வேண்டும். மில்லி நொடிகளாக அனுப்பினாலும், இந்திய நேரத்தைக் கிரீன்விச் நேரமாக எடுத்துக்கொண்டு ஐந்தரை மணி நேரம் எதிர்காலத்தில் அனுப்பினாலும் தகவல் ஏற்கப்படாது. இணையதள விற்பனை 7 நாளுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. ஒரே கோரிக்கையில் 1,000 நிகழ்வுகள் வரை அனுப்பலாம் என்றாலும், அவற்றுள் ஒன்று 7 நாளைத் தாண்டியிருந்தால் அந்தக் கோரிக்கை முழுவதுமே நிராகரிக்கப்படும். வாரம் ஒருமுறை மொத்தமாக அனுப்பும் கடைகளில் சில வாரங்கள் முழுவதும் வெறுமையாகக் கிடப்பதற்கு இது காரணமாகலாம்.

தொகையில் ரூபாய்க் குறியோ காற்புள்ளியோ இருக்கக் கூடாது; நாணயக் குறியீடு ஐஎன்ஆர் என்று தனியே போக வேண்டும். ரேசர்பே போன்ற கேட்வேக்கள் தொகையைப் பைசாவில் தருகின்றன. 1,250 ரூபாய் அங்கே 125000 என்று இருக்கும். நூறால் வகுக்க மறந்தால் விளம்பரம் உண்மையில் ஈட்டியதைப் போல நூறு மடங்கு ஈட்டியதாகத் திரை காட்டும். திர்ஹாமில் வாங்கியவருடைய தொகையை ரூபாய் என்று குறிப்பதும் இதே வகைதான். கூரியர் கட்டணத்தைச் சேர்ப்பதா, விடுவதா என்பதை ஒருமுறை முடிவு செய்து, பிக்சலிலும் சர்வரிலும் ஒரே மாதிரி வைத்தால் போதும்.

பணம் பிறகு வரும் ஆர்டர்கள்

கேஷ் ஆன் டெலிவரியில் ஆர்டர் போட்டவுடனேயே ‘பர்ச்சேஸ்’ அனுப்பினால், பின்னர் பொட்டலத்தை வாங்க மறுப்பவர்களையும் நல்ல வாடிக்கையாளர் என்று மெட்டா கற்றுக்கொண்டு, அவர்களைப் போன்றவர்களையே மேலும் தேடித்தரும். பொட்டலம் போய்ச் சேர்ந்தபின் அனுப்பலாமென்றால், தொலைதூர ஊர்களுக்கு 7 நாள் கடந்துவிடலாம். தொலைபேசியில் அழைத்து ஆர்டரை உறுதி செய்துகொண்டபின் ‘பர்ச்சேஸ்’ அனுப்புவதும், பொட்டலம் சேர்ந்தபின் தனிப் பெயரில் இன்னொரு நிகழ்வை அனுப்பிவைப்பதுமே இவற்றுக்கு இடைப்பட்ட நல்ல வழி. அவ்வாறு செய்யும் கடையில், இந்த வகை ஆர்டருக்குப் பிரவுசர் ‘பர்ச்சேஸ்’ அனுப்பாதபடி நிறுத்தியிருக்க வேண்டும். இல்லையெனில் உறுதியாகாத ஆர்டரைப் பிக்சல் முன்கூட்டியே சொல்லிவிடும்.

ராமேஸ்வரத்து விடுதிகளில் அறையை இணையத்தில் பதிவு செய்து, வந்தபின் பணம் கொடுப்பவர்கள் உண்டு. கடையில் நேரில் நடந்த விற்பனை என்ற வகையில் அனுப்பினால் 62 நாள் வரை பழைய நிகழ்வையும் மெட்டா ஏற்கிறது. முன்பதிவை ஒரு நிகழ்வாகவும் வந்து தங்கியதை இந்த வகையிலும் பிரித்து அனுப்பலாம்.

விளம்பரத்திலிருந்து நேராக வாட்ஸ்அப்புக்கு வரும் ஆர்டர்களுக்குக் குக்கீயும் பிக்சலும் இல்லை. வாட்ஸ்அப் பிசினஸ் பிளாட்ஃபார்ம் வழியாகச் செய்தி பெறும் கடைக்கு, முதல் செய்தியோடு விளம்பரக் கிளிக்கின் அடையாளம் வருகிறது. அதை உரையாடலோடு சேமித்து, விற்பனை முடிந்ததும் செய்தி வழி விற்பனை என்ற வகையில் திருப்பி அனுப்ப வேண்டும். கையடக்க வாட்ஸ்அப் பிசினஸ் செயலியை மட்டும் வைத்திருப்பவர்கள், எந்த விளம்பரத்திலிருந்து வந்தார் என்பதைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது.

அனுமதியும் சாவியும்

ஹேஷ் செய்த தொலைபேசி எண்ணும் ஒருவரின் சொந்தத் தகவலே. மெட்டாவால் அதை ஓர் ஆளோடு பொருத்த முடிகிறது என்பதே அதற்குச் சான்று. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அறிவிப்பையும் ஒப்புதலையும் வலியுறுத்துகிறது. பணம் செலுத்தும் பக்கத்தில் விளம்பர அளவீட்டுக்காக விவரங்கள் பகிரப்படும் என்று தமிழிலேயே எழுதி ஒப்புதல் பெற்று, மறுத்தவரின் ஆர்டருக்குப் பிக்சலும் சர்வரும் இரண்டுமே பேசாமலிருக்கின்றனவா என்று ஒரு சோதனை ஆர்டர் போட்டுப் பார்க்க வேண்டும். பிக்சலை மட்டும் நிறுத்திவிட்டு சர்வரை மறந்துவிடுவதே இங்கு எளிதில் நேரும் பிழை.

மெட்டாவுக்குத் தகவல் அனுப்ப சர்வர் பயன்படுத்தும் ரகசியச் சாவியான அணுகல் டோக்கன், பக்கத்தின் மூலநிரலில் யாரும் படிக்கும்படி கிடக்கக் கூடாது. பிரவுசரில் பக்கத்தின் மூலநிரலைத் திறந்து, டோக்கனின் முதல் சில எழுத்துகளைத் தேடினால் தெரிந்துவிடும். ஏஜென்சியை மாற்றும்போது பழைய டோக்கனை நீக்கிப் புதியதை உருவாக்கி, அன்றைக்கே ஒரு யுபிஐ ஆர்டரும் ஒரு கேஷ் ஆன் டெலிவரி ஆர்டரும் போட்டுப் பார்க்க வேண்டும். செருகுநிரலைப் புதுப்பிக்கும்போதும், கேட்வேயை மாற்றும்போதும், தளத்தின் தீமை மாற்றும்போதும் இதே இரண்டு ஆர்டர்களைப் போட வேண்டும். இவை எதுவும் நடக்காத மாதங்களில், ஈவண்ட்ஸ் மேனேஜரின் டயக்னாஸ்டிக்ஸ் பகுதியில் புதிய எச்சரிக்கை வந்திருக்கிறதா என்று பார்த்து, ஒரு வாரத்துப் பதிவேட்டை ‘பர்ச்சேஸ்’ எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைப் பதிவேட்டின் ஓரத்திலேயே தேதியுடன் எழுதி வைத்தால் போதும்.